உப்புவெளிக் கூரையின் நீலக் கோடு

1

காலையில் கண் விழித்ததும் கைபேசியில் இரண்டு கோடுகளைப் பார்ப்பேன். திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரையில் பூட்டிய சோலர் தகடுகள் வெயிலில் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்று மஞ்சள் கோடு காட்டும். வீட்டுக்குள் எவ்வளவு செலவாகிறது என்று நீலக் கோடு காட்டும்.

நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறு நகரத்தில். தை மாதத்தில் இங்கே பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடும்போதும் இருட்டு, கூட்டி வரும்போதும் இருட்டு. நான் எழும்பும் நேரத்தில் திருகோணமலையில் வெயில் நன்றாக ஏறியிருக்கும். மஞ்சள் கோடு தன்பாட்டில் உயர்ந்துகொண்டிருக்கும். அதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. மழை மூட்டம் இல்லாவிட்டால் வெயில் வரும்தான். என் கண் நீலக் கோட்டிலேதான் இருக்கும்.

அம்மா போன பிறகு அப்பா அந்த வீட்டில் தனியாக இருந்தார். நான் ஒரே பிள்ளை. நீலக் கோட்டைப் பார்த்து அவருடைய நாளை வாசிக்கப் பழகியிருந்தேன். விடிந்ததும் தேத்தண்ணிக்குக் கேத்தில் போடுவார், அது ஊசி போல ஒரு மேடு. பிறகு தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டர், அது அகலமான, தலை தட்டையான மேடு. மத்தியானம் றைஸ் குக்கர். பின்னேரம் மறுபடியும் கேத்தில். பிரிஜ் மட்டும் அடியில் சின்னச் சின்னப் பல்லுகளாக ஓடிக்கொண்டே இருக்கும். கேத்தில் ஊசியைக் கண்டால் எனக்கு மூச்சு வரும். அப்பா எழும்பிவிட்டார், தேத்தண்ணி குடிக்கிறார். பிறகுதான் நான் பிள்ளையை எழுப்புவேன்.

இன்று அம்மாவின் திவசம். இன்று காலை அந்தக் கோட்டில் கண்டதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போன வருடத் திவசத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல ஏலாது.

2

சோலர் போட்ட கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நாட்டில் மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற காலம். இருட்டில் அப்பா படி தவறி விழுந்துவிடுவாரோ என்று எனக்கு இங்கே நித்திரை இல்லை. மற்ற நாடுகளில் இருந்து பிள்ளைகள் தாய் தகப்பன் வீட்டுக் கூரைகளுக்கு அனுப்பியது போல நாங்களும் அனுப்பினோம். கரண்ட் நின்றாலும் வீடு இயங்குவதற்குப் பற்றரியும் வைத்தார்கள். பூட்ட வந்தவர்கள் அப்பாவின் பழைய கைபேசியைப் பார்த்துவிட்டு, கோடு காட்டும் செயலியை என் கைபேசியில் போட வழி சொல்லிக் கொடுத்தார்கள்.

முதல் முறை கரண்ட் நின்றபோது அப்பா போன் எடுத்துக் கதைத்தார்.

"பிள்ளை, ஒழுங்கை முழுக்க இருட்டு. எங்கட வீட்டில மட்டும் கலியாண வீடு மாதிரி வெளிச்சம். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"அதுக்கு என்ன செய்யப் போறியள்?"

"ஒரு லைற்றை விட்டிட்டு மிச்சத்தை நிப்பாட்டிப் போட்டன். றிஸ்வானா போனுக்குச் சார்ஜ் போட வந்து நிக்குது."

றிஸ்வானா அக்கா அடுத்த வளவில் இருக்கிறவ. முஸ்லிம் ஊரான கிண்ணியாவில் பிறந்தவ. கணவருக்கு நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் ஒன்றில் வேலை. நான் வெளிக்கிட்ட பிறகுதான் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். அதனால் நான் அவவை நேரில் கண்டதில்லை. குரல் மட்டும் தெரியும்.

நான் கோட்டைப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. "என்ன இன்ஸ்பெக்டர் அம்மா, இண்டைக்கு என்ர வாக்குமூலம் சரியோ?" என்று கேட்பார். "நேற்றுப் பின்னேரம் கேத்தில் ரெண்டு தரம் போட்டிருக்கிறியள், ஆர் வந்தது?" என்று நான் கேட்டால், "கூரையில சீஐடி வைச்சிருக்கிறாய், நீயே கண்டுபிடி" என்பார்.

சுடுதண்ணீர்த் தாங்கி அடுத்த வருடம் வந்தது. என் மகள் ஆரணிக்கு அப்போது மூன்று வயது. அப்பாவோடு வீடியோவில் கதைக்கும்போது அவர் கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மப்பா, குளிருது, நான் வரமாட்டன்" என்றாள். பாதி தமிழ், பாதி நோர்வே மொழி. அப்பாவுக்கு விளங்கியது "குளிருது", "வரமாட்டன்" இரண்டும்தான். அந்த மாதமே சோலர் தகடுகளுக்குப் பக்கத்தில், வெயிலில் தண்ணீர் சூடாகும் தாங்கி ஒன்றைப் பூட்டுவித்தார். உப்புவெளி வெக்கையில் சுடுதண்ணீரில் குளிக்கிறவர்கள் யார்? ஒழுங்கையே சிரித்தது.

திருகோணமலைக்காரருக்குக் கன்னியா தெரியும். ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ள இடம். செத்தவர்களுக்குக் கடமை செய்ய எங்கள் சனம் போகிற இடம். அப்பா சொன்னார்: "கன்னியாவுக்குப் போற வயசில நான் கன்னியாவைக் கூரைக்குக் கொண்டுவந்திட்டன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா."

அந்தச் சுடுதண்ணீருக்கு மின்சாரம் தேவையில்லை. அதனால் அது எந்தக் கோட்டிலும் தெரியாது. கூரையில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் சூடாகி, குளிக்க ஆளில்லாமல் ஆறிக்கொண்டிருந்ததை நான் கண்டதில்லை.

3

ஏன் போகவில்லை என்று ஊரில் கேட்பார்கள். சொல்கிறேன்.

நான் திருமணமாகி இங்கே வந்தவள். என் வதிவிட அனுமதி குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். விண்ணப்பம் போட்டுவிட்டால் அட்டை வரும்வரை இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் அந்த இடைக்காலத்தில் நாட்டைவிட்டு வெளியே போனால், திரும்பி உள்ளே விடுவார்கள் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். பிள்ளை இங்கே பிறந்தவள். கணவர் சுதன் பஸ் ஓட்டுகிறார், ஒரு வாரம் விடிய, மறு கிழமை பின்னேரம். நான் அங்கே மாட்டிக்கொண்டால் பிள்ளையை யார் பார்ப்பது?

போன வருடம் நான் அந்த இடைக்காலத்தில் இருந்தேன். அப்பாவுக்கும் அது தெரியும். "அட்டை வந்தால் வா. வராமல் வந்து நிக்காதை" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

நான் கெட்டிக்காரி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லுவார்கள். இங்கே ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று தரம் வாசிப்பேன், பிறகு சுதனை வாசிக்கச் சொல்லுவேன், பிறகும் பயப்படுவேன். விண்ணப்பத்தைக் கொஞ்சம் முன்னதாகவே போட்டிருந்தால்? ஊருக்குப் போய் வந்து போட்டிருந்தால்? அந்தக் கேள்விகளுக்கு இப்போது ஒரு பெறுமதியும் இல்லை. ஆனாலும் பாத்திரம் கழுவும்போது வருகின்றன.

4

அம்மாவின் திவசத்தன்று அப்பா விடிய எழும்பிக் கிணற்றில் குளிப்பார். தேத்தண்ணி குடிக்கமாட்டார். மோட்டர் போடமாட்டார். சோறு கறி எல்லாவற்றையும் தானே சமைப்பார். றைஸ் குக்கர் சோறு அம்மாவுக்குப் பிடிக்காது என்று அன்றைக்கு மட்டும் பானையில்தான் உலை வைப்பார். அம்மாவின் படத்துக்குப் படைத்து, காகத்துக்கு வைத்து, அது வந்து கொத்திய பிறகுதான் பச்சைத் தண்ணீராவது வாயில் வைப்பார். சோலர் போட்ட பிறகு வந்த திவசங்களில் நீலக் கோடு மத்தியானம் கடந்தும் படுத்தே கிடந்தது. பிரிஜ் பல்லுகள் மட்டும். அந்தத் தட்டையான கோட்டைப் பார்த்து நானும் இங்கே தேத்தண்ணி குடிக்காமல் இருப்பேன்.

போன வருடம் தை மாதம், திவசத்தன்று காலை கைபேசியைத் திறந்தேன். விடிந்த நேரத்தில் கேத்தில் ஊசி நின்றது. பிறகு மோட்டர். எல்லா நாளும் போல.

முதலில் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. உடனே அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அந்த நாட்களில் கமரா பழுது என்று சொல்லிக் குரலில் மட்டும்தான் கதைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இண்டைக்கு என்ன நாள்?"

பின்னால் சில்லு உருளும் சத்தம், யாரோ பெயர் கூப்பிடும் சத்தம்.

"அம்மாவின்ர நாள், பிள்ளை."

"அப்ப ஏன் கேத்தில் போட்டனீங்கள்?"

இருமிவிட்டுச் சொன்னார்.

"மறந்துபோனன். எழும்பினவுடனே பழக்கத்தில போட்டுப் போட்டன். வயசு போட்டுதெல்லே."

"குடிச்சிட்டியளோ?"

"ஓம்."

"அம்மாவை மறக்கிற அளவுக்கு என்னப்பா உங்களுக்கு?"

"ஏசு. நீ ஏசத்தான் வேணும்" என்றார். பிறகு, "பாங்கில நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

ஆரணிக்குச் சப்பாத்துப் போட்டேன். இடது கால் சப்பாத்தை வலது காலுக்குப் போட்டேன். அவள் நோர்வே மொழியில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். அப்போதுதான் யோசித்தேன். அம்மாவின் சேலை ஒன்றைத் தன் தலையணைக்கு உறையாகப் போட்டுக்கொண்டு படுக்கிறவர். அவர் மறப்பாரா? அவர் மறக்கவில்லை என்றால், கேத்திலைப் போட்டது யார்?

றிஸ்வானா அக்காவை எடுத்தேன்.

"அக்கா, அப்பா வீட்டில இருக்கிறாரோ?"

"இரிக்காரு புள்ள, இப்பதான் கடைக்குப் போனாரு."

"அவர் பாங்கில நிக்கிறன் எண்டார்."

அவ வேறு ஏதோ சொல்லத் தொடங்கினா, நான் விடவில்லை.

"அக்கா, இண்டைக்கு என்ர அம்மாவின்ர திவசம். இண்டைக்கு அப்பா கேத்தில் போடமாட்டார்."

"அல்லாஹ்வே!" என்றா. பிறகு அழத் தொடங்கினா. "எனக்குத் தெரியா புள்ள. ஐயா அத எனக்குச் செல்லல்ல. காலையில கேத்தில், அதுக்குப் புறகு மோட்டர், பகலைக்குக் குக்கர்ல தண்ணிய ஊத்திப் போடு, பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கிட்ட திரும்பக் கேத்தில் எண்டுதான் செல்லித் தந்தாரு. நான் ஒரு நாளும் பிந்தல்ல. ஒங்களப் பயப்படுத்தக் கூடா எண்டு என்ட கையில சத்தியம் வாங்கிட்டாரு."

"அப்பா எங்க, அக்கா?"

"ஆஸ்பத்திரியில. நெஞ்சில தண்ணி எண்டு செல்றாங்க. மூணு கிழமையாகுது."

மூன்று கிழமையாக நான் மூச்சுவிட்டுப் பிள்ளையை எழுப்பிய காலைகள் எல்லாம் அவ போட்ட கேத்தில். குக்கரில் வெறும் தண்ணீர் கொதித்திருக்கிறது. பின்னேரக் கேத்திலை யாரும் குடிக்கவில்லை.

"இண்டைக்கி விடிய என்ட ஊட்டுக்காரரு கஞ்சி கொண்டு போனாரு" என்றா றிஸ்வானா அக்கா. "ஐயா தொடல்ல. ஆஸ்பத்திரித் தேத்தண்ணியும் வாணாம் எண்டுட்டாராம். தண்ணிகூட எடுக்கல்லயாம். நர்ஸ் நோனா ஏசுறாவாம். ஏன் எண்டு எங்களுக்கு விளங்கல்ல. இப்பதான் புள்ள விளங்குது."

அப்பா கட்டிலில் கிடந்துகொண்டு திவசம் பிடித்திருக்கிறார். பிடித்துக்கொண்டே, மறந்துவிட்டேன், குடித்துவிட்டேன் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். மனைவியின் நாளை மறந்தவன் என்ற பெயரை மகளிடம் வாங்கிக்கொள்வது, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று சொல்வதைவிட அவருக்கு இலேசாக இருந்திருக்கிறது.

5

அன்றைக்கே குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். காத்திருக்கச் சொல்லும் இசை. கடைசியில் ஒரு மனிதர் வந்தார், மரியாதையாகக் கதைத்தார்.

"உங்கள் தந்தை இறந்துகொண்டிருக்கிறாரா?" என்று கேட்டார். இந்த மொழியில் அது சாதாரணக் கேள்வி. அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லும் வார்த்தைகள் எனக்குத் தெரியவில்லை. "இன்னும் இல்லை" என்று சொன்னேன். சொல்லிவிட்டு என் வாயைக் கையால் பொத்தினேன்.

வைத்தியர் கடிதம் வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டும், அதற்குப் பிறகும் திரும்பி வருவதற்கு உறுதி தர முடியாது, முடிவு உங்களுடையது என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அன்று பின்னேரம் அப்பாவை எடுத்தேன்.

"றிஸ்வானா சொல்லிப்போட்டுது போல" என்றார். குரல் சின்னதாக இருந்தது. "அந்தப் பிள்ளையை ஏசாதை. பிழை என்னில. எல்லாம் சொல்லிக் குடுத்தனான், இண்டையான் நாளைச் சொல்லிக் குடுக்க மறந்துபோனன். பார், மறதி வந்தது உண்மைதான்."

"நான் வாறன் அப்பா."

"வந்து? திரும்பிப் போக விடாமல் வைச்சால் அந்தச் சின்னன் அங்க அம்மா இல்லாமல் நிக்கும். நான் அம்மா இல்லாமல் வளந்தனான். அந்தக் கதை வேண்டாம். காகம் வந்ததோ எண்டு கேள்."

"என்ன காகம்?"

"ஆஸ்பத்திரி வாட்டு ஜன்னலில ஒண்டு வந்து இருந்தது. அதுக்குப் பிறகுதான் தண்ணி குடிச்சனான்."

நான் போகவில்லை. சுதன், "நீ போ, நான் பார்க்கிறேன்" என்றார். பஸ்ஸில் இருந்து இறங்கி வந்து சாப்பாட்டு மேசையிலேயே நித்திரையாகிற மனிதர். நான் பயணப்பெட்டியை எடுத்து வெளியே வைத்தேன், திரும்ப அலுமாரிக்கு மேல் வைத்தேன். மறுநாளும் எடுத்து வைத்தேன்.

6

மாசியில் அப்பா வீட்டுக்கு வந்தார். நீலக் கோட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. றிஸ்வானா அக்காவின் கேத்தில் மணிக்கூடு பார்த்து எழும்பும். அப்பாவின் கேத்தில் ஒரு நாள் முந்தும், ஒரு நாள் பிந்தும். ஒரு நாள் மோட்டரை நிறுத்த மறந்து அந்தத் தட்டை மேடு நீண்டுகொண்டே போனது. "தாங்கி நிரம்பி வளவு எல்லாம் வெள்ளம், வாழைக்கு நல்லம்" என்றார். அந்த ஒழுங்கில்லாத கோட்டை நான் ஒரு சித்திரம் போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் ஆரணியின் பாலர் பாடசாலையில் தாத்தா பாட்டியை வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் கண்ணாடியும் தொப்பியும் வரைந்தார்கள். இவள் ஒரு நீலக் கோடு வரைந்து அதில் மூன்று மேடு வைத்தாள். ஆசிரியை என்னிடம், "இது உங்கள் ஊர் மலைகளா?" என்று கேட்டா. இல்லை, அவளுடைய அம்மப்பா என்றேன். விளங்கப்படுத்தத் தொடங்கி, இந்த மொழியில் பாதியில் நிறுத்திவிட்டேன். ஆசிரியை தலையாட்டினா. படத்தை மற்றப் படங்களோடு சுவரில் ஒட்டினார்கள்.

பங்குனியில் ஒரு காலை கோடு எழும்பவில்லை. கேத்தில் இல்லை, மோட்டர் இல்லை. பிரிஜ் பல்லுகள் மட்டும். மேலே மஞ்சள் கோடு அழகாக, ஒரு பிசகும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் திவசம் இல்லை. நான் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அது அடிக்கும்வரை சீப்பால் பிள்ளையின் தலையை இழுத்துக்கொண்டிருந்தேன். இழுத்த தலையையே திரும்பத் திரும்ப இழுத்தேன். "அம்மா, நோகுது" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

நித்திரையில் போயிருக்கிறார். தலையணை உறை அம்மாவின் சேலை.

என் அட்டை, அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் முடிந்த பிறகு வந்தது. பிளாஸ்டிக் அட்டை, என் படம், நான் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

7

வீடு பூட்டிக் கிடக்கிறது. சோலரை நிறுத்தவோ என்று றிஸ்வானா அக்காவின் கணவர் கேட்டார். வேண்டாம், பிரிஜும் ஓடட்டும் என்றேன். ஏன் என்று எனக்கே தெரியாது. கூரை உழைப்பது அநேகமாக எல்லாம் இப்போது வெளியே ஊருக்குப் போகிறது. யாருடைய வீட்டில் யார் அதில் தேத்தண்ணி வைக்கிறார்களோ. சுடுதண்ணீர்த் தாங்கியும் அப்படியே இருக்கிறது. கோடைப் பள்ளி விடுமுறைக்குப் போவோம் என்று சுதன் சொல்கிறார். ஆரணி அந்தக் குழாயைத் திறப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தண்ணீர் அவ்வளவு காலம் சூடாகிக் கிடந்திருக்கிறது, முதலில் நான் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஓடாமல் விட்டால் மோட்டர் இறுகிப்போகும் என்று றிஸ்வானா அக்கா ஒவ்வொரு நாள் காலையும் வந்து அதைக் கொஞ்ச நேரம் போடுகிறா. வளவுக் கன்றுகளுக்கும் தண்ணீர் விடுகிறா. வந்ததற்குத் தனக்கு ஒரு தேத்தண்ணியும் வைக்கிறா. அதனால் காலையில் ஒரு ஊசி, ஒரு தட்டை மேடு, இரண்டும் இன்னும் வருகின்றன. அது யார் என்று தெரிந்துகொண்டே நான் பார்க்கிறேன். தெரிந்துகொண்டே மூச்சு விடுகிறேன்.

இன்று காலை கைபேசியைத் திறந்தேன். ஊசி இல்லை. மேடு இல்லை. நீலக் கோடு பிரிஜ் பல்லுகளோடு படுத்துக் கிடந்தது.

போன வருடத்துத் திகதியை வைத்து எண்ணினால் அம்மாவின் திவசம் இன்றைக்கு வராது. திதி ஒவ்வொரு வருடமும் மாறும். நான் அவவுக்கு நினைவுபடுத்தவும் இல்லை, என்ன நாள் என்று சொல்லவும் இல்லை. அவவுக்கு ஏதும் சுகமில்லையோ என்று பயந்து போன் எடுத்தேன்.

"நல்லா இரிக்கன் புள்ள. இண்டைக்கி ஒங்கட உம்மாட நாளெல்லா? அதான் கேத்தில் போடல்ல. கன்றுகளுக்குக் கிணத்தில அள்ளித்தான் ஊத்தின."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், அக்கா? திதி மாறுமே."

"சந்திக் கடையில தமிழ்க் கலண்டர் இரிக்கி. கடைக்கார ஐயாட்ட கேட்டுப் பாத்தன்." பிறகு, கொஞ்சம் ரோசத்தோடு, "நாங்களும் பிறை பாத்து நாள் எண்ணுற ஆக்கள்தானே, புள்ள" என்றா.

அந்தப் பக்கம் காகங்கள் கத்தும் சத்தம் கேட்டது. அங்கே வெயில், இங்கே ஜன்னலில் இருட்டு. என் கேத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்தது.

"ஐயாட நாள் பங்குனியில எண்டு அந்தக் கலண்டர்ல குறிச்சி வச்சிட்டு வந்திரிக்கன்" என்றா. "அண்டைக்கும் நான் போடமாட்டன். நீங்க கோடு எழும்பல்ல எண்டு பயந்திராதீங்க."